சண்டை பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியையும் கடலூரையும் சேர்ந்த இளைஞர்கள் நால்வர் வெளியிட்டுள்ள முதல் ராக் ஆல்பம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதை ஆதரித்தும் கண்டித்தும் அடுத்தடுத்து வந்த வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வந்தேன். திரைப்படத்தோடு தொடர்பில்லாத ஒரு தமிழ்ப் பாடல் தொகுப்புக்காக நம் பக்கத்து வாசகர்கள் இவ்வளவு மை செலவழித்து நான் பார்த்ததில்லை. அந்த வகையில் மகிழ்ச்சிதான். ஆனால் கடிதங்களை வரிசையாக வைத்து மறுபடி படித்தால், பாராட்டியவர்களில் பெரும்பாலோர் ‘நம் ஊர்ப் பிள்ளைகள்’ என்பதற்காகப் பாராட்டியிருக்கிறார்கள். ஏசியவர்களில் பெரும்பாலோர் கிட்டாரையும் தலைமுடியையும் ஏசியிருக்கிறார்கள். ஒன்பது பாடல்களில் எந்தப் பாட்டில் எந்த இடம் நன்றாக அமைந்திருக்கிறது, எந்த இடம் சரிப்படவில்லை என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இசை கற்றவன் அல்லன். மஞ்சக்குப்பத்தில் ஒலிபெருக்கி வாடகை நிலையம், ஊர் வழக்கில் சொன்னால் ரேடியோ செட், நடத்துகிறேன். கூத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண வரவேற்பு, மெல்லிசைக் கச்சேரி என எதுவானாலும் குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல் போய்ச் சேருகிறதா என்று கவனிப்பதே என் பிழைப்பு. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி, கேட்டவர்களின் ரசனையால் வந்ததே அன்று. அவர்கள் எதில் கேட்டார்கள் என்பதால் வந்தது என்று எனக்குப் படுவதற்கும் அந்தப் பழக்கமே காரணம்.

நெல்லிக்குப்பத்து வாசகர் ஒருவர் ‘முழுக்க இரைச்சல்’ என்று எழுதியிருந்தார். லாஸ்பேட்டையிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் ‘ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கேட்கிறது’ என்று எழுதியிருந்தார். இருவரும் ஒரே பாட்டைத்தான் சொல்கிறார்கள். யார் சொல்வது பொய் என்று தேடிப் பயனில்லை, இருவர் சொல்வதும் மெய்யாக இருக்க முடியும். அந்த இரண்டாம் பாட்டை முதலில் கைப்பேசியிலும், பிறகு கடையிலுள்ள பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பாக்ஸிலும் போட்டுக் கேட்டேன். தாழ்ந்த ஒலிகளுக்கான பேஸ் கிட்டாரின் அடித்தந்தியைத் தட்டினால் எழும் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் கனமெல்லாம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. விரல் நகமளவு ஸ்பீக்கர் கொண்ட கைப்பேசியில் இந்தப் பகுதி எழும்பவே எழும்பாது. மிஞ்சுவது கிட்டாரின் கரகரப்பும் சிம்பலின் சலசலப்பும் மட்டுமே. பருப்பு அடியில் தங்கிவிட, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றிவிட்டுச் சாம்பார் எப்படி என்று கேட்பது போன்ற நிலை அது. இந்தப் பாட்டிலோ, மெட்டைத் தாங்குவதே பேஸ் கிட்டார்தான்; பாடகர் ஒரே சுரத்தில் நிற்கும் இடங்களில் அதுதான் கீழே நடந்து நடந்து பாட்டை முன்னே கொண்டு செல்கிறது. ஆகவே அந்த வாசகர் ஹெட்போனிலோ நல்ல ஸ்பீக்கரிலோ ஒரு முறை கேட்டுவிட்டு, அதன் பிறகும் இரைச்சல் என்றே தோன்றினால் அப்படியே எழுதட்டும். அதை நான் மதிப்பேன்.

மறுபாதியைக் குழுவினரே ஏற்க வேண்டும். கடிதம் எழுதியவர்களில் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஒத்துப்போன ஒரே புகார், சொற்கள் விளங்கவில்லை என்பது. இதற்குப் பதிலாகக் குழுவின் ரசிகர் ஒருவர், ராக் இசையில் குரலும் ஒரு கருவிதான், திரைப்பாடல் கேட்டுப் பழகிய காதுக்கு அது புரியாது என்று சற்றுக் காட்டமாகவே எழுதியிருந்தார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் திரைப்பாடல்களில் பாடகரின் குரல் எல்லாக் கருவிகளுக்கும் முன்னால், காதோரம் வந்து நிற்கும்படி கலக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, குரல் இரண்டடி பின்னால் போனாலே குறையாகத் தெரிகிறது. குரலை வேண்டுமென்றே அழுக்காக்கிப் பதிவு செய்த ஆல்பங்களும் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த தி ஸ்ட்ரோக்ஸ் குழு 2001-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில், பாடகரின் குரலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தி, தொலைபேசியில் பேசுவது போன்ற கரகரப்போடு பதிவு செய்தார்கள். அதைக் கொண்டாடியவர்களும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எழுபதுகளின் நியூயார்க் குழுக்களை நகலெடுக்கிறார்கள் என்று தள்ளியவர்களும் உண்டு. நம் குழுவினர் அந்த ஆல்பத்தை நன்றாகக் கேட்டவர்கள் என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. ‘நகல்’ என்று எழுதிய வாசகரும் இதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கக்கூடும்.

ஆனால் அங்கே செல்லும் நியாயம் இங்கே செல்லாது என்பதே என் கட்சி. அந்த ஆல்பத்தில் குரல் கரகரத்தாலும் அதைச் சுற்றி இடம் விட்டிருக்கிறார்கள்; இரண்டு கிட்டார்களும் மெலிந்த ஒலியோடு ஒன்றுக்கொன்று வழிவிட்டு வாசிக்கின்றன. நம்மவர்கள் குரலையும் அழுக்காக்கி, கிட்டாரையும் உச்சத்தில் கரகரக்க வைத்து, இரண்டையும் ஒரே இடத்தில் மோதவிட்டிருக்கிறார்கள். பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தெளிவு பெறுகின்றன. கரகரப்பு ஏற்றிய கிட்டாரும் அதே பகுதியில்தான் வந்து குந்திக்கொள்கிறது. மேடையில் இப்படி நேர்ந்தால் கிட்டாரில் அந்தப் பகுதியை மட்டும் சிறிது இறக்குவேன். குரலைக் கூட்டாமலே சொல் வெளியே வந்துவிடும். மிக்ஸரில் ஒரு குமிழைத் திருப்பும் வேலை அது. மூன்றாம், ஆறாம், எட்டாம் பாடல்களில் இதைச் செய்திருந்தால் வாசகர்களின் புகாரில் பெரும்பகுதி எழுந்தே இருக்காது.

இதைச் சற்று ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன், ஏனெனில் அந்தச் சொற்கள் கேட்கத் தக்கவை. கட்டுரையாளர் ‘காதலும் தனிமையும்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்ட நான்காம் பாட்டு, ‘தானே’ புயலைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலில், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததும், ஊர் ஊராக மின்கம்பங்கள் விழுந்து கிடந்ததும், மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் காத்திருந்ததும் நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய வயதுடைய இந்தப் பிள்ளைகள், அதைச் சோக கீதமாகப் பாடவில்லை. இருட்டில் விளையாடியது, பள்ளி திறக்காதது, அப்பா தோப்புக்குப் போய்விட்டு வந்து யாரிடமும் பேசாமல் படுத்தது என்று ஒரு சிறுவன் கண்ட அளவுக்கு மட்டுமே பாடியிருக்கிறார்கள். முந்திரி மரம் மறுபடி காய்க்க எத்தனை ஆண்டாகும் என்று அந்தச் சிறுவன் விரல்களை மடக்கிக் கணக்குப் போடும் ஓர் அடி வருகிறது. அதைக் கேட்டறிய நான் கிட்டார் ஒலியை அடக்கிவிட்டு இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருந்தது. இப்படி ஓர் அடியை எழுதத் தெரிந்தவர்கள் அதை மூடி மறைப்பானேன்?

அந்தப் பாட்டின் தொடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். முக்கால் நிமிடத்துக்கு ஏதோ ‘உர்ர்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, பதிவுக் கோளாறு போலும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது கோளாறு அன்று, ஜெனரேட்டர். புயலுக்குப் பிந்திய வாரங்களில், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், அரிசி அரைக்கவும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் தெருவுக்குத் தெரு வாடகை ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கடையின் ஜெனரேட்டரும் ஓடியது. பல பின்களைச் செருகும் நீளப் பலகை ஒன்றில் அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகள் வரிசையாகக் கிடக்கும். சுமை கூடும்போது இயந்திரத்தின் ஒலி ஒரு கணம் தணிந்து, திணறி, மறுபடி எழும். பாட்டில் அந்தத் திணறல் இருக்கிறது. அது தணிந்து எழும் அந்தக் கணத்தில்தான் டிரம்ஸ் நுழைகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தவர் எவரோ அவருக்கு நல்ல காது. ஆனாலும், முக்கால் நிமிடம் என்பது இன்றைய கேட்போருக்கு நீண்ட நேரம் என்பதை மறுக்க மாட்டேன். ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, பொறுமையிழந்து நாற்பதாவது விநாடியில் நிறுத்தியவரும் ஜெனரேட்டரைக் கேட்டதற்காகக் குழுவின் கணக்கில் ஓர் எண்ணிக்கையைச் சேர்த்திருக்கிறார். அதனால் பணம் கொட்டிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம்; ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு அந்நிறுவனம் 2024 முதல் எதுவும் கொடுப்பதில்லை.

கொச்சைத் தமிழில் பாடுகிறார்கள் என்ற கண்டனத்தில் எனக்கு உடன்பாடில்லை. கடலூர்ச் சந்தையில் பேசும் பேச்சிலேயே பாடுகிறார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து இளைஞர்களான ஆர்க்டிக் மங்கீஸ் குழுவினர் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடிய முதல் ஆல்பம், 2006 ஜனவரியில் வெளியாகி, முதல் வாரத்திலேயே பிரிட்டனில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. அவ்வளவு தொலைவு போவானேன். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறி, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகப் பாடியபோது, சென்னைத் தெருப் பேச்சு எத்தனை கூர்மையாக அரசியல் பேச வல்லது என்பதை எல்லோரும் கேட்டோம். மலையாளத்தில் அவியல் என்ற குழு தன் பெயரிலேயே 2008-இல் ஆல்பம் வெளியிட்டு, நாட்டார் பாடல்களின் மொழியைக் கிட்டாரோடு சேர்த்துக் காட்டியது. கிட்டார் அந்நிய வாத்தியம் என்ற வாதத்துக்கோ நான் பதில் சொல்லப் போவதில்லை. எழுபதுகளிலிருந்தே திரைப்பாடல்களின் இடையிசையில் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நான்கு பேர் கையில் அதைப் பார்த்தவுடன் மட்டும் பண்பாடு நினைவுக்கு வருவானேன் என்பதே என் கேள்வி.

எல்லாப் பாடல்களும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று திருப்பாதிரிப்புலியூர் வாசகர் எழுதியதே வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்த கடிதம். அவர் காரணம் சொல்லவில்லை. ஆனால் சரியாகப் பிடித்திருக்கிறார். ஒன்பதில் ஐந்து பாடல்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒரே டிரம்ஸ் நடையில் ஓடுகின்றன. அவற்றிலும் நான்கு, கிட்டாரில் ஒரே வகையான தொடக்கத்தோடு கிளம்புகின்றன. புதுச்சேரி உணவகங்களில் வார இறுதிகளில் வாசித்து வளர்ந்த குழுக்களுக்கு இது இயல்பாக வரும் பழக்கம். சாப்பிடுபவர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் பாட்டு முதல் விநாடியிலிருந்தே ஓட வேண்டும். மெதுவான பாட்டைத் தொடங்கினால் கரண்டிச் சத்தம்தான் கேட்கும். மேடையில் உதவிய அந்த வேகம், ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் கேட்கும்போது அலுப்பாகிவிடுகிறது. ஏழாம் பாட்டையும் எட்டாம் பாட்டையும் எடுத்துவிட்டிருந்தால் ஆல்பம் மெலிந்து நன்றாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. ‘ஆஹா, ஒவ்வொன்றும் முத்து’ என்று எழுதிய நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

இத்தனை கருத்து வேறுபாட்டுக்கும் நடுவே, ஏசியவர்களும் கூட ‘அது ஒன்று பரவாயில்லை’ என்று குறிப்பிட்ட பாட்டு ஐந்தாம் பாட்டு. ஏன் அது மட்டும் எல்லோருக்கும் பிடித்தது என்பதை ஒருவரும் எழுதவில்லை. அதில் பாடகர் ஓர் அடியைப் பாடி நிறுத்த, மற்ற மூவரும் அதே அடியைத் திரும்பப் பாடுகிறார்கள். அவர்கள் பாடும்போது கிட்டார் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது. நம் மாவட்டத்தில் தெருக்கூத்துப் பார்த்த எவருக்கும் இது புதிதன்று. வேடம் கட்டியவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் ஏற்றுப் பாடுவது கூத்தின் முறை. முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும் முழங்கும் இடத்தில், மைக்கே இல்லாத காலத்திலும் விடிய விடியக் கதை விளங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் தடவை தப்பிய சொல் இரண்டாம் தடவை காதில் விழுந்துவிடும், அதற்குள் வேடக்காரரும் மூச்சு வாங்கிக்கொள்வார். இந்தப் பிள்ளைகள் கூத்திலிருந்து எடுத்தார்களோ, வெளிநாட்டுப் பாட்டிலிருந்து எடுத்தார்களோ, தற்செயலாக வந்ததோ, நான் அறியேன். ஆனால் சொல் விளங்கவில்லை என்ற புகாருக்கு விடை அவர்கள் ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது. திரைப்பாடல் போலக் குரலை முன்னால் தூக்கி வைக்க வேண்டியதில்லை, கரகரப்பைக் கைவிடவும் வேண்டியதில்லை. ஐந்தாம் பாட்டில் செய்ததை நான்காம் பாட்டிலும் செய்திருந்தால், முந்திரி மரத்தின் அந்த அடியை மூவர் திரும்பப் பாடக் கேட்டிருப்போம்.

‘முதல் ஆல்பம்தானே, குறை சொல்லக் கூடாது’ என்று சிலர் எழுதியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது அன்பின் பெயரால் செய்யும் அலட்சியம். குறையே சொல்லாத ஊர், கவனித்துக் கேட்கவில்லை என்றே எந்தக் கலைஞரும் எடுத்துக்கொள்வார். அதே போல, இன்று எவரும் கேட்கவில்லை என்பதாலேயே ஓர் ஆல்பம் தோற்றுவிட்டதாகவும் ஆகாது. தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் ஆல்பம் 1967-இல் வெளியானபோது அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 171-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பின்னாளில் அதைக் கேட்டுக் கிட்டார் எடுத்தவர்கள் ஏராளம். நம் குழுவுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. விற்பனை எண்ணிக்கையை வைத்து இப்போதே தீர்ப்பெழுதிய வளவனூர் வாசகருக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். குழுவினரின் இசைவைப் பெற்று, நான்காம் பாட்டின் வரிகளை முழுமையாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அச்சிட வேண்டும். கையில் வரிகளை வைத்துக்கொண்டு கேட்டால் எத்தனை வாசகர்களின் கருத்து மாறுகிறது, எத்தனை பேருடையது மாறவில்லை என்பது அடுத்த வாரக் கடிதங்களிலேயே தெரிந்துவிடும்.

குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். 1982-இல் பிரான்சில் தொடங்கி, ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களிலும் நடக்கும் இசை விழாவில் அவர்கள் வாசிக்கும் வாய்ப்பு அமைந்தால், கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைக் கூட்டத்தை நேராகப் பார்க்கும்படி வைக்காமல், சற்று உட்பக்கமாகத் திருப்பி, ஒலியளவையும் குறைத்து வைத்துப் பாருங்கள். திறந்த வெளியில் கடற்காற்று சொல்லைத்தான் முதலில் அடித்துக்கொண்டு போகும். அன்றைக்குப் பாக்ஸும் மிக்ஸரும் தேவைப்பட்டால் மஞ்சக்குப்பத்தில் விசாரிக்கலாம். வாடகை வேண்டாம், வண்டிச் செலவு மட்டும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.